ஆறு மண்டையோடும் ஒரு சொளகும்

ஸ்வீட்லின் மூன்று வருடமாக வயல் எலிகளோடு குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தாள். ராஜபாளையத்துக் கல்லூரியில் விலங்கியல் ஆராய்ச்சி. இந்தப் பக்கத்து நெல்வயலில் வளை தோண்டுகிற அந்த எலி எல்லாம் ஒரே இனம் என்றது புத்தகம். இல்லை, பிளவக்கல் அடிவாரத்து எலி தனி இனம் என்றாள் இவள். கல்யாண வீட்டுப் பந்தியில்கூடப் பக்கத்து இலைக்காரரிடம் இதைத்தான் சொன்னாள். அந்த மனிதர் பாயசத்தை வைத்துவிட்டு எழுந்துபோனார்.

அவளுடைய பேராசிரியர் லேசில் மசிகிற ஆள் இல்லை. “மண்டையோட்டு மேல நம்பர் எழுதியிருக்க. எது எந்த ஊருன்னு தெரிஞ்ச பொறவுதான் வித்தியாசத்தத் தேடுத. அப்படிப் பாத்தா எல்லாம் வித்தியாசமாத்தான் தெரியும்,” என்று சொல்லிவிட்டார். பிளவக்கல்லில் மூன்று, ராஜபாளையத்தில் மூன்று என்று அவள் எடுத்த ஆறு மண்டையோடுகளையும் திங்கட்கிழமை தானே பார்த்துவிட்டு, அந்த அத்தியாயம் ஆய்வேட்டில் இருக்குமா, வெட்டப்படுமா என்று முடிவு சொல்வார். வெட்டினால் மூன்று வருடமும் போச்சு. அதைவிட, அவர் சொல்வது நிஜமாக இருந்துவிட்டால் என்கிற பயம்தான் அவளைத் தூங்கவிடவில்லை. ஏனென்றால் நம்பரைப் பார்க்காமல் அவள் ஒரு மண்டையோட்டையும் கையில் எடுத்ததே இல்லை.

கடைசியாக ஒருமுறை அளந்து பார்க்க, ஆறையும் பஞ்சில் பொதிந்து, அட்டைப்பெட்டியில் வைத்து நூல் சுற்றி, ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டுக்குக் கொண்டுவந்தாள். அளந்து முடித்ததும் பத்திரமான இடம் தேடினாள். வீட்டில் அண்ணன் பிள்ளைகள் மூன்று பேர், மூன்றும் வானரம். பீரோவுக்குப் பக்கத்து மூலையில் சர்ச்சுக்கென்று எடுத்துவைத்த நெல்லும் தேங்காயும் பூசணிக்காயும் இருந்தன. ஆண்டவருக்கென்று அங்கே வைத்த பொருளை அந்த வீட்டில் ஒருவரும் தொடமாட்டார்கள். வானரங்களே தொடாது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். பெட்டியைப் பூசணிக்காய்மேல் வைத்துவிட்டு நிம்மதியாகப் படுத்தாள். கெட்டிக்காரிதான். விடிந்தால் ஞாயிறு, சர்ச்சில் காணிக்கைப் பொருளையெல்லாம் ஏலம் விடுகிற அறுப்பின் பண்டிகை என்பது மட்டும் அவள் நினைவில் இல்லை.

காலையில் எழுந்து பார்த்தால் மூலை துடைத்துவிட்டாற்போல் இருந்தது. அப்பா தேவஇரக்கம் எல்லாவற்றையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். ஸ்வீட்லின் தலைகூட வாராமல், ஒரு காலில் தன் செருப்பும் மறுகாலில் அண்ணியின் செருப்புமாக ஓடினாள்.

சர்ச் வளாகத்தில் ஏலம் சூடுபிடித்திருந்தது. ஏலம் விடுபவர் அவள் அப்பாவேதான். மூடிய பெட்டி ஏலம் என்று அங்கே ஒன்று உண்டு. உள்ளே இருப்பது யாருக்கும் தெரியாது. எடுத்தவர் எல்லார் முன்னாலும் பிரித்துக் காட்ட வேண்டும்.

“ஆட்டிப் பாத்தாலும் சத்தமில்ல,” என்று நூல் சுற்றிய அவளுடைய அட்டைப்பெட்டியைத் தூக்கிப் பிடித்து மைக்கில் சொல்லிக்கொண்டிருந்தார் தேவஇரக்கம். “அம்புட்டுப் பத்திரமா வச்சிருக்காவ. ஒசந்த சாமானாத்தான் இருக்கும்.”

ஸ்வீட்லின் கையை ஆட்டிக் கத்தினாள். ஒலிபெருக்கி முன்னால் அவள் குரல் எடுபடவில்லை.

“இந்தா, எம் மகளே கேக்கா,” என்று அவர் விலையை ஏற்றினார்.

தேங்காய் எடுக்க வருடம் தவறாமல் வருகிற அரிசி மண்டி பிச்சை முகம்மது நிமிர்ந்து உட்கார்ந்தார். ஏலக்காரர் மகளே தலைவிரிகோலமாக ஓடிவந்து கேட்கிறாள் என்றால் சங்கதி இல்லாமலா? அவரும் கேட்டார். அவள் பதறிக் கையை ஆட்ட ஆட்ட விலை ஏறியது. கடைசியில் பெட்டி அவருக்கே போயிற்று.

மேடையோரம் நின்று நூலை அறுத்துத் திறந்தார். பஞ்சுக்குள்ளிருந்து மஞ்சள் பற்கள் அவரைப் பார்த்துச் சிரித்தன. பெட்டி கை நழுவி, கீழே காணிக்கை அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்த தங்கபாயின் சொளகில் கவிழ்ந்தது.

“ஆண்டவரே, எலித்தல,” என்றார் தேவஇரக்கம், மைக்கை அணைக்க மறந்து. வளாகமே சிரித்து உருண்டது.

ஸ்வீட்லின் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து சேர்ந்தபோது, தங்கபாயின் கை தன் வேலையை ஆரம்பித்திருந்தது. நாற்பது வருடம் அரிசியில் கல் பொறுக்கிய கை. சொளகில் எது விழுந்தாலும் பிரிக்காமல் இருக்காது. மண்டையோடுகளைப் பல் மேலாகத் திருப்பிப் போட்டு, மூன்றை இந்தப் பக்கம், மூன்றை அந்தப் பக்கம் ஒதுக்கியிருந்தாள்.

எடுக்கப் போன ஸ்வீட்லின் அப்படியே நின்றுவிட்டாள். உச்சந்தலையில் எழுதிய நம்பரெல்லாம் அரிசிக்குள் புதைந்திருந்தது. எந்த நம்பர் எந்த ஊர் என்பது அவளைத் தவிர யாருக்கும் தெரியாது.

“எப்படி அத்தை பிரிச்சிய?”

“இந்த மூணுலயும் முன்பல்லுக்குப் பொறத்தால இருக்க ஓட்டை கடவாப்பல்லு வரைக்கும் ஓடுது. அந்த மூணுல பாதியில நின்னுபோச்சு.”

முதல் மூன்றைத் திருப்பினாள். பதினான்கு. இருபத்திரண்டு. முப்பத்தொன்று. மூன்றும் பிளவக்கல். அடுத்த மூன்றையும் திருப்பினாள், மூன்றும் ராஜபாளையம். தூங்கவிடாத அந்தப் பயம் போன இடம் தெரியவில்லை. அவள் தங்கபாயைக் கட்டிப்பிடித்து இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தாள். அரிசி சிதறியது. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று அப்பாவுக்கே விளங்கவில்லை.

“எனக்கு எலி வேண்டாம்மா, மண்டியில இருக்கதே போதும்,” என்று பிச்சை முகம்மது பெட்டியை அவளிடமே நீட்டினார்.

தங்கபாய் சேலையில் ஒட்டிய அரிசியைத் தட்டிவிட்டுக்கொண்டே அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

“ஏட்டி, இது பாத்தாலே தெரியுதே. இதுக்கா மூணு வருசமாப் படிக்க?”

“அத அப்படியே நாளைக்கு ராஜபாளையத்துல எங்க சார்கிட்ட வந்து சொல்லுங்க அத்தை,” என்றாள் ஸ்வீட்லின்.