மலையாளத்தில் சொன்னது

...அப்படியானால் அம்மாவுக்குத் தெரிந்துதான் இருந்திருக்கிறது, எப்போதிலிருந்து, நேற்றிலிருந்தா, போன வாரத்திலிருந்தா, காலையில் தோசை வார்க்கும்போதுகூட ஒன்றும் கேட்கவில்லையே, மிளகாய்ப்பொடிக்கு எண்ணெய் போதுமா என்றுதானே கேட்டாள், ஸ்ரீவராகத்து வீட்டிலிருந்து ஆட்டோவில் வரும்போதும் வழியெல்லாம் கிழக்கேகோட்டை நெரிசலைத்தானே திட்டிக்கொண்டு வந்தாள், இந்தக் கண்ணாஸ்பத்திரிக்கு வந்து, காத்திருந்து, சிஸ்டர் இரண்டு கண்ணிலும் சொட்டு மருந்து விட்டு, "கண்ணு அடச்சு இருந்தோ அம்மே, துறக்கல்லே கேட்டோ" என்று, கண்ணைத் திறக்கவே கூடாதென்று மலையாளத்தில் சொல்லிவிட்டுப் போன பிறகு, கண்ணை மூடித் தலையைச் சுவரில் சாய்த்துக்கொண்டு, பக்கத்து வீட்டுச் சமாசாரம் விசாரிப்பது மாதிரி, "மாளு, அந்த வீடியோவைப் போடு" என்கிறாள் அம்மா. எந்த வீடியோம்மா என்று கேட்டுப் பார்த்தாள் மாளவிகா, கேட்கும்போதே தன் குரல் பொய்யாக இருப்பது அவளுக்கே கேட்டது. "நீ பேசினது. கைலாஷ் குரூப்புல போட்டிருந்தானே. பாக்கறதுக்குத்தான் கண்ணு வேணும், கேக்கறதுக்கு என்ன." கைலாஷ்... பெங்களூரில் உட்கார்ந்துகொண்டு, அத்தை பிள்ளை என்கிற உரிமையில், இது நம்ம மாளு குரல் மாதிரி இல்லையா என்று குடும்பத்து வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டு, கொஞ்ச நேரத்தில் அவனே அழித்தும் விட்டான், அழித்துவிட்டானே, யாரும் பார்த்திருக்க மாட்டார்கள் என்று எத்தனை சுலபமாக நம்பிவிட்டாள், மற்றவர்கள் யாருமே அதைப் பற்றிப் பேசவில்லை, நல்லவர்கள், பேசாமல் இருப்பதில் அந்தக் குடும்பத்துக்கு இணை கிடையாது.

போடவா, வேண்டாமா, நெட் இல்லை என்று சொல்லிவிடலாம், சார்ஜ் இல்லை என்று சொல்லிவிடலாம், அம்மாவால் இப்போது போனைப் பார்க்க முடியாது, சொன்னால் நம்பித்தான் ஆகவேண்டும், ஆனால் விரல் அதற்குள் ஷிஜாவின் சேனலைத் திறந்துவிட்டது. ஷிஜா கொல்லத்துக்காரி, அவளும் தத்துப் பிள்ளைதான், இரண்டு பேரும் நேரில் பார்த்ததே இல்லை. ஒருநாள் ஆபீஸில் மத்தியானச் சாப்பாட்டை வைத்துக்கொண்டு போனைத் தள்ளிக்கொண்டிருந்தபோது அவள் முகம் வந்து நின்றது, நம்மைப் பற்றி நம்மை வளர்த்தவர்கள் பேசுகிறார்கள், வக்கீல்கள் பேசுகிறார்கள், டாக்டர்கள் பேசுகிறார்கள், சினிமாக்காரர்கள் பேசுகிறார்கள், நாம் மட்டும் வாயைத் திறப்பதில்லை, ஏன்... என்று மலையாளத்தில் கேட்டாள், சோற்றில் கை அப்படியே நின்றுவிட்டது. அப்புறம் ஒரு சனிக்கிழமை, யாரும் வராத ஆபீஸில், மீட்டிங் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, மேஜைமேல் வைத்த தன் இரண்டு கைகள் மட்டும் தெரிகிற மாதிரி போனை நிறுத்தி, பேசி அனுப்பினாள். முப்பது பேர் பார்ப்பார்கள் என்று நினைத்தாள். ஷிஜா அதை முழுதாகப் போட்டு, அதிலிருந்து ஒரு துண்டைத் தனியாகவும் வெட்டிப் போட, அது எங்கெங்கோ போய்விட்டது, துபாய்க்கு, கோயம்புத்தூருக்கு, கனடாவுக்கு, என் கதையும் இதுதான் என்று முகம் தெரியாதவர்கள் எழுதினார்கள், நன்றி கெட்ட ஜென்மம், நடுத்தெருவில் விட்டிருக்க வேண்டும் என்றும் எழுதினார்கள், இரண்டையும் பஸ்ஸில் நின்றுகொண்டே படித்தாள், படிக்கும்வரை ஒரு பெரிய கூட்டத்துக்கு நடுவில் நிற்கிற மாதிரி இருக்கும், திரையை அணைத்ததும் கூட்டம் போய்விடும், கறுப்புக் கண்ணாடியில் தன் மூக்கு மட்டும் தெரியும், யாருடைய மூக்கு என்று தெரியாத மூக்கு.

இயர்போனில் ஒன்றைத் தன் காதில் வைத்துக்கொண்டாள், இன்னொன்றை வைக்க அம்மாவின் காதோர முடியை ஒதுக்க வேண்டியிருந்தது, தோட்டுத் துளை தொங்கிப் பெரிதாகிவிட்டிருந்தது, அம்மாவின் காதை எப்போது கடைசியாகத் தொட்டோம், தொட்டதுண்டா... சிறியதாக ஒரு ஒயர் இரண்டு பேரையும் கட்டிப்போட்டது, எழுந்து ஓட முடியாது. எதிரே டிவியில் சத்தமில்லாமல் விழிஞ்ஞம் துறைமுகத்துக்கு ஒரு கப்பல் வந்துகொண்டிருந்தது, பக்கத்தில் ஒரு கிழவர் கண்ணில் பஞ்சோடு தூங்கிக்கொண்டிருந்தார், காதில் அவள் குரல் ஆரம்பித்தது, என் பெயர் அஜிதா என்றது. அஜிதா! அய்யோ, அதை மறந்தே போனோமே, வீடியோவில் சொன்ன பெயர் அதுதானே, விதுரா போகிற வழியில் இருந்த அந்த அநாதை இல்லத்தில் வைத்த பெயர், அங்கிருந்து கூட்டி வந்த அன்றைக்கே அப்பா மாளவிகா என்று மாற்றிவிட்டார், அழகாகத்தான் மாற்றினார், பெயர்ப் பொருத்தம் பார்த்து, பாயசம் வைத்து, ஆனால் பழைய பெயருக்குத் திரும்பிப் பார்க்கிற பழக்கம் போவதற்கு ரொம்ப நாளாயிற்று. அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். ஒன்றும் இல்லை. மூடிய இமைக்குக் கீழே விழி மட்டும் ஒருமுறை உருண்டது.

குரல் பேசிக்கொண்டே போகிறது, நிறுத்தவே மாட்டேன் என்கிறது, அந்தச் சனிக்கிழமை எப்படி இவ்வளவு சரளமாக வந்தது, யாரிடம் சொல்வதாக நினைத்துக்கொண்டு சொன்னோம்... அந்த வீட்டில் எனக்கு ஒரு குறையும் கிடையாது, அடித்ததில்லை, திட்டியதில்லை, நல்ல பள்ளிக்கூடம், நல்ல துணி, ஆனால் நான் ஒரு விருந்தாளியைப் போல வளர்ந்தேன், விருந்துக்குப் போன வீட்டில் இன்னொரு கரண்டி கேட்க மாட்டோமே, அப்படி, எதையும் உடைக்கவில்லை, எதற்கும் அடம்பிடிக்கவில்லை, அழவே இல்லை, அழுகிற குழந்தையைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று யாரும் என்னிடம் சொல்லவில்லை, எனக்கே அது தெரிந்திருந்தது... மாளவிகா ஒயரை விரலில் சுற்றிக்கொண்டாள், சொன்னது பொய் இல்லையே, ஒரு வரிகூடப் பொய் இல்லை, ஆனால் தூரத்தில் இருப்பவர்களுக்குச் சொன்ன உண்மை பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் காதில் விழும்போது வேறு ஏதோவாக ஆகிவிடுகிறதே. நீ எவ்வளவு கொடுத்துவைத்தவள் என்று கல்யாண வீடுகளில் கன்னத்தைக் கிள்ளுகிற மாமிகளைப் பற்றிச் சொல்கிறது குரல், அப்பா போன அன்று அவர் காலடியில் உட்கார்ந்திருந்தவளை, நீ கொஞ்சம் தள்ளி உட்காரும்மா, ரத்த பந்தமெல்லாம் வரட்டும் என்று ஒருவர் சொன்னதைச் சொல்கிறது, அம்மாவுக்கு அது தெரியாது, அன்றைக்கு அம்மா எதையும் பார்க்கிற நிலைமையில் இல்லை, மாளவிகாவும் சொல்லவில்லை, தள்ளித்தான் உட்கார்ந்தாள். அம்மாவின் கை பையின் வாரை முறுக்க ஆரம்பித்தது. யாரு, என்று உதடு மட்டும் அசைந்தது. குரலுக்கு அது தெரியாதே, அது அடுத்ததற்குப் போய்விட்டது.

அடுத்தது அந்த மத்தியானம். வெட்டிப் போட்ட துண்டு அதுதான், எல்லோரும் பார்த்தது. வீட்டுக்கு வந்த முதல் நாள், மலையிலிருந்து கார் இறங்கும்போது வாந்தி எடுத்து, புது மஞ்சள் கவுனைக் கழற்றி, குளிப்பாட்டி, ரசம் சாதம் ஊட்டி, பெரிய கட்டிலில் படுக்கவைத்தார்கள், இல்லத்தில் ஒரே பாயில் வரிசையாகப் படுப்போம், பக்கத்துக் குழந்தையின் மூச்சு கழுத்தில் சூடாகப் படும், இங்கே மெத்தை குழிந்து குழிந்து எங்கேயோ விழுகிற மாதிரி இருந்தது, நான் மெல்ல இறங்கிச் சிவப்புத் தரையில் படுத்தேன், சுவரைப் பார்த்துப் படுத்தேன், சுவரில் ஜன்னல் வெயில் நீளமாக விழுந்திருந்தது, அது மெதுவாக நகர்ந்து போவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன், வீட்டில் ஒரு சத்தமும் இல்லை, அந்த அறையில் யாருமே இல்லை, அன்றைக்கு இருந்த மாதிரித் தனியாக நான் பிறகு இருந்ததே இல்லை, இன்றைக்கும் கூட்டத்தில் நிற்கும்போது அந்தத் தரையின் குளிர்ச்சி முதுகில்... "நிறுத்து" என்றாள் அம்மா.

நிறுத்தினாள். ஒயரை எடுக்கவில்லை. உள்ளே யாரோ பெயர் கூப்பிட்டார்கள், வேறு யாருடையதோ. திட்டட்டும், அழட்டும், உனக்கு என்னடி குறை வைத்தோம் என்று கேட்கட்டும், கேட்டால் பதில் இருக்கிறது, நிறைய தடவை ஷிஜாவோடு பேசிப் பேசிக் கூர் தீட்டி வைத்த பதில்... ஆனால் அம்மா கேட்டது அது இல்லை. "ஏன் மலையாளத்துல சொன்னே?" மாளவிகாவுக்குப் புரியவில்லை. "இல்லை, ஆத்துல நாம தமிழ்தானே பேசறோம். இதை மட்டும் மலையாளத்துல சொல்லணும்னு தோணித்தா, உனக்கு?" என்ன சொல்வது, ஷிஜா மலையாளத்தில் கேட்டாள், அதனால் என்று சொல்லலாம், அது பாதிதான், மீட்டிங் அறையில் முதலில் தமிழில்தான் ஆரம்பித்தாள், இரண்டு வாக்கியம்கூடப் போகவில்லை, தமிழில் பேசினால் உடனே நல்ல பெண் குரல் வந்துவிடுகிறது, சரிம்மா, ஆகட்டும்மா, எனக்குப் போதும்மா என்கிற குரல். "தமிழ்ல வரலைம்மா" என்றாள். "ம்" என்றாள் அம்மா. டிவியில் கப்பல் போய்ச் சமையல் நிகழ்ச்சி வந்திருந்தது. "வந்த புதுசுல நான் உங்கிட்ட மலையாளம்தான் பேசுவேன், கேட்டயா. உனக்கு அதான் தெரியும். நாங்க ஒண்ணும் சொல்லிக்குடுக்கலை, நீயா தமிழுக்கு மாறிட்டே. எல்லாரும் ஆச்சரியப்பட்டா. அழவே அழாது, அடமே கிடையாது, சமத்துன்னா சமத்துன்னு நான் தெரு முழுக்கச் சொல்லிண்டு திரிஞ்சேன். பெருமையா இருந்தது எனக்கு." அம்மா முகத்தை இவள் பக்கம் திருப்பினாள், கண் மூடித்தான் இருந்தது, மருந்து ஓரத்தில் வழிந்திருந்தது, மருந்துதானா... துடைத்துக்கொள்ளவில்லை.

"இன்னொண்ணு சொல்லட்டா. நீ தப்பா எடுத்துக்கப்படாது. அன்னிக்கு மத்தியானம் நான் இருந்தேன்." எங்கே என்று கேட்டாள் மாளவிகா. "அங்கேதான். உனக்குப் பின்னாடி. நீ கட்டில்லேர்ந்து எறங்கினதைப் பாத்துண்டு, நானும் சத்தம் போடாம வந்து தரையிலே படுத்துண்டேன். ஒரு முழம் தள்ளி. தொட்டா பயந்துடுவியோன்னு தொடலை. அப்பா வந்து எட்டிப் பாத்துட்டுப் போனார். நீ திரும்பவே இல்லை. உன் முதுகைப் பாத்துண்டே கெடந்தேன், இப்பத் திரும்பும், இப்பத் திரும்பும்னு." எனக்கு ஞாபகம் இல்லையேம்மா, என்றாள். "உனக்கெப்படி இருக்கும். நீ சுவரைன்னா பாத்துண்டிருந்தே." அம்மா சிரிக்க முயன்ற மாதிரி இருந்தது. "நீ சொன்னது பொய்னு சொல்ல வரலை நான். தனியா இருந்தேன்னு சொல்றே. இருந்திருப்பே. நானும் இருந்தேன், அவ்வளவுதான்." அதற்குள் சிஸ்டர் வந்து, கண்ணைப் பிரித்துப் பார்த்து, போதும் என்று தலையாட்டி, "மதி, மருந்து பிடிச்சிட்டுண்டு, வரூ அம்மே" என்று கையைப் பிடித்து எழுப்பினாள், காதிலிருந்து ஒயர் இழுபட்டு விழுந்தது, அம்மா புடவைக் கொசுவத்தை ஒரு கையால் தூக்கிக்கொண்டு, தெரியாத இடத்தில் நடக்கிறவளைப் போலக் காலைத் தேய்த்துத் தேய்த்து நடந்து உள்ளே போனாள், கண்ணாடிக் கதவு மூடிக்கொண்டது. கூடப் போயிருக்க வேண்டுமோ. கூப்பிடவில்லையே. கூப்பிட்டால்தான் போவதா...

கையில் போன் அதிர்ந்தது, ஷிஜாதான், அடுத்த பகுதி எப்போது தருவாய், நிறைய பேர் கேட்கிறார்கள் என்று எழுதியிருந்தாள், கூடவே ஒரு சிவப்பு இதயம். என்ன சொல்வது, அந்த அறையில் இன்னொருவரும் இருந்தாராம் என்றா, திருத்திச் சொல்கிறேன், மன்னிக்கவும் என்றா, எதைத் திருத்துவது, தரை குளிர்ந்தது நிஜம், வெயில் நகர்ந்தது நிஜம், தனியாக இருந்தது நிஜம், இத்தனை ஆயிரம் பேர் அந்த அறைக்குள் வந்து எட்டிப் பார்த்துவிட்டு என் அறையும் இதுதான் என்று சொல்லிவிட்டுப் போனார்களே, அவர்களில் யாருக்கும் அங்கே ஒரு பெண் தரையில் படுத்திருந்தது தெரியவில்லையே. தனக்கு வேறு எதுவும் சொந்தமாக இல்லாமல் போனாலும் அந்த மத்தியானம் முழுக்கத் தன்னுடையது என்றல்லவா இதுவரை நினைத்திருந்தாள். பதில் எழுதாமல் போனைக் கவிழ்த்து வைத்தாள். இயர்போன் இன்னும் ஒரு காதில் இருந்தது, அதில் ஒன்றும் ஓடவில்லை.

கண்ணை மூடிப் பார்த்தாள், இங்கே எல்லோரும் கண்ணை மூடித்தானே இருக்கிறார்கள், யாரும் விநோதமாகப் பார்க்க மாட்டார்கள். சிவப்புத் தரை வந்தது, சுவர் வந்தது, வெயில் வந்தது. பின்னால்... பின்னால் என்ன, ஒரு புடவையின் சரசரப்பு, அடக்கி விடுகிற மூச்சு, ரசத்தின் பெருங்காய வாசனை, இருந்ததா, இல்லை, அம்மா சொன்னதிலிருந்து இப்போது செய்துகொள்கிறோமா, எப்படிப் பிரித்துச் சொல்வது. அந்தக் குழந்தையைத் திரும்பச் சொன்னாள், மலையாளத்தில் சொன்னாள், திரும்பு அஜிதே, ஒரு தடவை. அது அசையவில்லை. தூங்கிவிட்டதா, தூங்கவில்லை, இல்லத்தில் பக்கத்துக் குழந்தை புரண்டாலே விழித்துக்கொள்கிற குழந்தை அது, ஒரு முழம் தள்ளி ஒரு பெரிய மனுஷி வந்து படுத்தது அதற்குக் கேட்காமல் போயிருக்குமா... கேட்டிருந்தால்... கேட்டும், தெரிந்தும், மூச்சைப் பிடித்துக்கொண்டு சுவரையே பார்த்துக் கிடந்திருந்தால்... கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் அம்மா மோவாயைக் கருவியில் வைத்துக்கொண்டு யாரோ சொல்கிற திசையிலெல்லாம் விழியைத் திருப்பிக்கொண்டிருப்பாள், வெளிச்சம் கூசும், வெளியே வந்தால் சாயங்காலம்வரை எதுவும் சரியாகத் தெரியாது, கையைப் பிடித்துத்தான் கூட்டிப் போக வேண்டும்.