வைப்பர் கூப்பிட்ட மழை

இந்தோனேசியாவின் போகோரில் மழை வருமா என்று யாரும் கேட்பதில்லை. எத்தனை மணிக்கு என்றுதான் கேட்பார்கள். அப்படிப்பட்ட ஊரில் வைப்பர் ஓடாத காரைக் கல்யாணத்துக்கு வாடகைக்கு விடத் தனி நெஞ்சழுத்தம் வேண்டும். எஞ்செப்புக்கு அது இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்குப் போன் செய்தான்.

"அண்ணே, வைப்பர் அசைய மாட்டேங்குது. ஒம்பது மணிக்குப் பொண்ணை மசூதியில எறக்கணும். ஓடி வாங்க."

"நேத்து முழுக்க என்னடா பண்ணே?"

"பாலிஷ் போட்டேன்."

கார்களுக்கு ஒயரிங் பார்ப்பது என் வேலை. பையைத் தூக்கிக்கொண்டு மலையடிவாரத்துக்குப் போனேன். பெண்ணின் அப்பா ஹாஜி ருஸ்மானா, அரிசி மில் வைத்திருப்பவர். அவர் வீட்டு முற்றத்தில் பந்தல், பந்தலுக்கு முன்னால் எஞ்செப்பின் கார். ஐம்பத்தெட்டில் பிறந்த கார். எஞ்செப்பை விடப் பதினெட்டு வயது மூத்தது. போன மாதம்தான் அதற்கு உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை சந்தன நிறத்தில் புதுப் பெயின்ட் அடித்திருந்தான்.

காருக்குப் பக்கத்தில் ஒரு விளக்குமாறு தலைகீழாக நட்டிருந்தது. அதன் ஈர்க்குகளில் சிவப்பு மிளகாயும் சின்ன வெங்காயமும் குத்தியிருந்தார்கள். உப்பு மட்டும் இருந்தால் சம்பல் அரைத்துவிடலாம். அதன் அருகே பாயில் அபா சுவாந்தா உட்கார்ந்து கிராம்பு போட்ட கிரெட்டெக் சிகரெட் புகைத்துக்கொண்டிருந்தார். மழையைக் கட்டி நிறுத்துவது அவர் தொழில். ஹாஜி முன்தினமே அழைத்து வந்துவிட்டார். கட்டு முடிகிற வரை அவர் தண்ணீரைத் தொடக்கூடாது. அவர் குளிக்கவில்லை என்பதைப் பத்தடி தூரத்திலேயே தெரிந்துகொள்ள முடிந்தது.

நான் சோதனை விளக்கை எடுத்தேன். ஒரு சின்ன பல்பு, இரண்டு ஒயர், அவ்வளவுதான். ஒரு ஒயரை பேட்டரியின் நெகட்டிவில் மாட்டி, மறுநுனியை வைப்பர் மோட்டாருக்கு வரும் மின்சாரத்தில் வைத்தேன். எரிந்தது. மின்சாரம் வருகிறது. பேட்டரியிலிருந்த ஒயரைக் கழற்றி மோட்டாரின் உடம்பில் மாட்டினேன். எரியவில்லை.

"கண்டுபிடிச்சாச்சு. உன் பெயின்ட்டுதான்டா" என்றேன்.

"பெயின்ட்டா? மூணு கோட்டுண்ணே!"

"அதான் சொல்றேன். மோட்டாருக்கு வர்ற கரண்ட்டு பாடி வழியாத்தான் திரும்பிப் போகணும். நீ மோட்டாரைக் கழட்டி, அடியில மூணு கோட்டு அடிச்சு, அது மேல மறுபடி முடுக்கிட்டே. வந்த கரண்ட்டு போக வழியில்லாம நிக்குது. வாசலை மறிச்சுச் சுவர் கட்டிட்டு விருந்தாளி ஏன் கெளம்பலைன்னு கேக்கறே."

மோட்டாரிலிருந்து புதிதாக ஓர் எர்த் ஒயர் இழுத்தேன். டாஷ்போர்டுக்கு அடியில் ஒரு திருகைச் சுரண்டி அதில் கட்டினேன். சுவிட்சைப் போட்டதும் இரண்டு வைப்பரும் எழுந்தன. காய்ந்த கண்ணாடியில் கிறீச் கிறீச்சென்று ஆடின.

"ஒரு வாளி தண்ணி கொண்டாங்க, ஊத்திப் பாப்போம்" என்றேன்.

அபா பாயிலிருந்து துள்ளி எழுந்தார். "தண்ணியா? என் கட்டுக்குள்ள தண்ணி ஊத்துவியா? நிறுத்துடா அதை! ரெண்டு கையாலயும் வா வான்னு மழையைக் கூப்பிடுது பாரு!"

பார்த்தால் அப்படித்தான் இருந்தது. எஞ்செப் பயந்துபோய் சுவிட்சை அணைத்தான். வைப்பர் நிற்கவில்லை. மறுபடி போட்டு, மறுபடி அணைத்தான். அது பாட்டுக்குக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது.

மோட்டாருக்குள் ஒரு சின்னத் தகடு உண்டு. சுவிட்சை அணைத்த பிறகும் வைப்பர் கீழே போய்ப் படுக்கிற வரை ஓடவிட்டு, படுத்ததும் மின்சாரத்தை வெட்டுவது அதுதான். அது ஒட்டிக்கொண்டுவிட்டது. பிரித்துச் சரிசெய்ய ஒரு மணி நேரம் வேண்டும். மணி எட்டேகால்.

ஹாஜி ஓடிவந்தார். "இங்க பாரு. காஜி ஒம்பதரைக்கு இன்னொரு நிக்காஹுக்குப் போயிடுவாரு. இன்னிக்கு வேற நேரமே இல்லைன்னுட்டாரு. நாளைக்கு மாப்பிள்ளை கப்பலேறுறான், வர எட்டு மாசமாகும். எதையாவது பண்ணு. ஆனா அபா மனசு கோணக்கூடாது."

நான் எர்த் ஒயரைத் திருகிலிருந்து கழற்றினேன். வைப்பர் பாதிக் கண்ணாடியில் நின்றது. திருகில் தொட்டேன், ஓடியது. எடுத்தேன், நின்றது.

"இதுதான் இப்ப சுவிட்ச்சு. யாராவது கையில பிடிச்சுக்கிட்டு வரணும்."

எஞ்செப்பால் முடியாது. அந்த ஸ்டீயரிங்குக்கு இரண்டு கையும் போதாது. முன்சீட்டில் அவன் பக்கத்தில் அபா உட்கார வேண்டும் என்று ஏற்பாடு. அவர் ஒயரைத் தொடமாட்டார். நடுவில் நான் உட்காருகிறேன் என்றேன். ஹாஜி என் சட்டையை மேலும் கீழும் பார்த்தார்.

"போட்டோவுல விழும்" என்றார்.

ஆக, நான் கீழே. அபாவின் காலடியில் பக்கவாட்டில் சுருண்டு படுத்தேன். தலை கதவுப் பக்கம், கையில் ஒயர். கல்லுடைக்கிற இடத்திலும், சாக்கடைக்குள்ளும் வேலை பார்த்திருக்கிறேன். முகத்துக்கு நேரே இரண்டு நாள் கழுவாத கால் இருந்த வேலை அதுதான் முதல்.

பின்சீட்டில் ஹாஜியும் கல்யாணப்பெண் லிலிஸும் ஏறினார்கள். அவள் தலையில் இரண்டு கிலோ கிரீடம். கதவைச் சாத்தினார்கள். எட்டரைக்குக் கிளம்பினோம்.

பாலம் தாண்டியதும் கூரையில் டொக்கென்று ஒரு சத்தம். பிறகு நாலைந்து.

"அபா, மழை" என்றான் எஞ்செப்.

"பனி" என்றார் அபா.

கூரை முழுக்கப் பயறு கொட்டியதுபோல் இரைந்தது.

"பனி இவ்வளவு சத்தம் போடுமா அபா?"

"மலைப் பனி போடும்."

நான் கீழேயிருந்து கேட்டேன். "ஹாஜியாரே, தொடவா?"

"அபா சொல்லாம தொடாதே! வைப்பர் போட்டா மழைன்னு நாமளே ஒத்துக்கிட்ட மாதிரி. கட்டு அறுந்துடும்."

எனக்கு எதுவும் தெரியவில்லை. எஞ்செப்புக்கும் தெரியவில்லை, அதுதான் பிரச்சினை. ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி ஓட்டினான். ஒரு வேன்காரன் ஹாரனடித்து அவன் அம்மாவை விசாரித்தான். அடுத்த நிமிடம் கார் ஒரு பக்கமாகச் சரிந்து நின்றது.

"என்னடா ஆச்சு?"

"ஒண்ணுமில்லண்ணே. வாய்க்கால் ஓரம். இன்னும் விழலை."

பின்னாலிருந்து லிலிஸின் குரல் வந்தது. கிரீடத்தின் மணிகள் கலகலத்தன. "மணி ஒம்பது இருவது ஆச்சுப்பா. இன்னும் பாதி வழி இருக்கு. நாளைக்கு அவர் கப்பலேறிடுவாரு. எட்டு மாசமும் நான் இந்தப் பனிக்குள்ளயே உக்காந்திருக்கணுமா?"

"அபா இருக்காரும்மா..."

"அவரையா கட்டிக்கப் போறேன்?"

கூரை இன்னும் பலமாக இரைந்தது. அபாவின் கால் விரல்கள் என் மூக்குக்கு முன்னால் விரிந்து சுருங்கின. பிறகு கைலியைச் சரிசெய்வதுபோல் மெல்லக் குனிந்தார்.

"ஒயர்காரா. நீ தொட்டா ஓடுமா?"

"ஓடும்."

"சத்தியமா?"

"என் வேலை கண்ணுக்குத் தெரியற வேலை அபா. ஓடும்."

அவர் நிமிர்ந்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார். குரல் வேறு ஆளுடையது போல வந்தது.

"ஹாஜி, கேளுங்க. காலையில இந்த வைப்பர் ரெண்டு கையாலயும் மழையைக் கூப்பிட்டுச்சு. நீங்களும் பாத்தீங்க. கூப்பிட்டவன்தான் திருப்பி அனுப்பணும். நான் அனுப்பினா போகாது. போடச் சொல்லுங்க."

"போடு! போடு!" என்று கத்தினார் ஹாஜி.

தொட்டேன். தலைக்கு மேல் மோட்டார் உறுமியது. எஞ்செப் தலையை உள்ளே இழுத்து, "அம்மாடி, ரோடு இருக்கு!" என்றான். வாய்க்கால் ஓரத்திலிருந்து காரைப் பின்னால் எடுத்து ரோட்டில் ஏற்றினான். ஒவ்வொரு குண்டுகுழியிலும் ஒயர் திருகை விட்டு விலகியது, எஞ்செப் அலறினான், நான் மறுபடி அழுத்தினேன். அபா கால்களை மேலே தூக்கிச் சீட்டில் சம்மணமிட்டுக்கொண்டார். அன்று அவர் எனக்குச் செய்த ஒரே உதவி அது.

மசூதி வாசலில் நிறுத்தும்போது மணி ஒன்பது ஐம்பது. ஹாஜி தலையில் கைவைத்தபடி இறங்கினார். "போயிருப்பாரு. எல்லாம் போச்சு."

காஜி போகவில்லை. இறவாரத்தின் கீழே நின்றிருந்தார். தலையில் ஹெல்மெட், கக்கத்தில் பதிவேடு, முன்னால் நனைந்துகொண்டிருக்கிற மோட்டார் சைக்கிள். பக்கத்தில் மாப்பிள்ளை வெளிறிப்போய் நின்றான்.

"மழைக்கோட்டை வீட்டுல மறந்துட்டேன் ஹாஜி. பதிவேடு நனைஞ்சா என் வேலை போயிடும். இந்த மழை மட்டும் பிடிக்கலேன்னா ஒம்பதரைக்கே கெளம்பியிருப்பேன். சீக்கிரம் வாங்க, உக்காருங்க."

அபா காரிலிருந்து நிதானமாக இறங்கினார்.

"கேட்டீங்களா ஹாஜி? உங்களுக்கு வேணுங்கிறது பொண்ணு நனையாம இருக்கிறதா, காஜி போகாம இருக்கிறதா? எதைக் கட்டணும், எதை அவுத்துவிடணும்னு எனக்குத் தெரியாதா?"

ஹாஜி அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நான் அப்போதுதான் காரிலிருந்து கால் மரத்துப்போய் தவழ்ந்து வெளியே வந்துகொண்டிருந்தேன். உள்ளே மாப்பிள்ளை ஒரே மூச்சில் சம்மதம் சொல்வதும், கூட்டம் "ஆமீன்" என்பதும் கேட்டது.

எஞ்செப் என் காதருகே வந்தான். தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"அண்ணே, அப்ப எல்லாம் அவரு செஞ்சதுதானா?"

"ஸ்குரூ டிரைவரை எடுடா" என்றேன். "மோட்டாரைப் பிரிப்போம். அந்தத் தகட்டை ஒட்டவச்சதும் அவருதானான்னு பாத்துடலாம்."