எறும்பு கடித்த கிணறு

பூமியை எதிர்த்துக் கீழே தள்ளி ஜெயித்தவர் உலகத்தில் இதுவரை ஒருவர்தான். அவர் எங்கள் எரிவாயுக் கிணற்றின் ஜாக்கிக்காரர். இதைச் சொன்னவரும் அவரே என்பதால் தகவலில் பிழைக்கு இடமில்லை. பழைய குழாய் அரித்துப்போன கிணற்றின் வாய்மேல் நான்கு ஹைட்ராலிக் ஜாக்கிகளை நிறுத்தி, புதுக் குழாயை இரும்புப் பற்களால் கவ்வி, கிணற்றைச் சாகடிக்காமல் அது மூச்சுவிட்டுக்கொண்டிருக்கும்போதே உள்ளே இறக்குவது அவர் தொழில். கிணறு சீறிக்கொண்டு குழாயை வெளியே துப்பப் பார்க்கும், அவர் லீவரைச் சாய்ப்பார், அது அடங்கும். பெரிய ஊசி என்று வைத்துக்கொள்ளலாம். அவர் மனைவியும் ஊசி போடுகிறவர்தான், ஆஸ்பத்திரி நர்ஸ். "கொஞ்சம் பொறுத்துக்கோ, எறும்பு கடிக்கிற மாதிரிதான் இருக்கும்" என்று சொல்லாமல் அவர் யாரையும் குத்தியதில்லை. வீட்டில் இதற்குத் தினமும் கேலி.

"அப்படிச் சொன்னா வலிக்காதாக்கும்?"

"வலிக்கும். ஆனா கையை இழுத்துக்க மாட்டாங்க."

"நானும் கிணத்துக்கிட்ட போய் எறும்புக் கதை சொல்றேன், இரு."

பதினொன்றாவது குழாயில் அது நடந்தது. குழாயின் எடையும் கிணற்றின் அழுத்தமும் சரிக்குச் சரியாக நிற்கும் இடம் ஒன்று உண்டு. குழாய் ஏறாது, இறங்காது. மற்ற கிணறுகளில் கண்மூடித் திறப்பதற்குள் கடந்துவிடும். இங்கே ஒன்பது நாள் நீடித்தது. வேலிக்குள் எதற்கும் எடை இல்லாமல் போயிற்று. ஸ்பானர்கள் மீன்கூட்டம்போல ஒன்றாகத் திரும்பின. குழாயைக் கனமாக்க ஊற்றிய தண்ணீர் உள்ளே போகாமல் பூசணிக்காய் பூசணிக்காயாக மிதந்தது, ஒவ்வொன்றுக்குள்ளும் தலைகீழாக ஒரு சூரியன். வேலிக் கம்பியைக் கட்டிப்பிடித்தபடி பார்த்த ஆட்களுக்குத் திறந்த வாயை மூட ஷிப்ட் முடியும்வரை ஆனது. மேடையில் நின்ற நர்ஸின் தம்பி, எழுபத்தெட்டுக் கிலோ, பஞ்சாக எழும்பினான். இடுப்பில் கட்டிய பாதுகாப்புக் கயிறுதான் அவனைப் பிடித்து வைத்திருந்தது. இழுத்துப் பார்த்தவர்கள் அவனோடு சேர்ந்து எழும்பினார்கள். கயிற்றுக்கு ஒன்பது புரி. நாளுக்கு ஒன்று அறுந்தது.

ஜாக்கிக்காரர் மேடைக் கம்பியில் காலைக் கொக்கிபோல மாட்டிக்கொண்டு ஜாக்கிகளின் அழுத்தத்தைக் கூட்டினார். பற்கள் வழுக்கின, குழாய் அசையவில்லை. "மாமா, இங்கேருந்து உங்க வழுக்கை பளிச்சுனு தெரியுது" என்றான் தம்பி. ஆறாம் நாளுக்குப் பிறகு அவன் ஜோக் அடிக்கவில்லை.

ஒன்பதாம் நாள் மிச்சமிருந்தது ஒரே புரி. நர்ஸ் வேலிவரை வந்தார். தம்பியைப் பார்த்தார், புருஷனைப் பார்த்தார்.

"ஏங்க, சொல்லிட்டுக் குத்துங்க."

ஜாக்கிக்காரர் எல்லோரையும் அந்தப் பக்கம் திரும்பச் சொன்னார். "எண்ணெய் கசியுதான்னு பாக்கணும்" என்று குனிந்தார். கிணற்று வாயருகே அவர் உதடு அசைந்தது. பிறகு லீவரை ஒற்றை விரலால் தொட்டார். வாழைப்பழத்தில் ஊசி ஏற்றியதுபோலக் குழாய் இறங்கிற்று.

தம்பி மெல்ல வந்து மேடையில் கால் ஊன்றினான். "கிணத்துக்கிட்ட என்ன மாமா சொன்னீங்க?"

"கசிவு பாத்தேன்டா."

இன்னும் இருநூற்று ஆறு குழாய்கள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஜாக்கிக்காரரின் பேனா கைதவறிக் கிணற்று வாயருகே விழுந்தது. அதை எடுக்கக் குனிந்தவர், பேனாவுக்குத் தேவைப்படுவதைவிடக் கொஞ்சம் அதிக நேரம் அங்கேயே இருந்தார். யாரும் எதுவும் கேட்கவில்லை. பேனா கீழே விழுகிறதே, அது போதும்.