எண்ணூற்று நாற்பது ரூபாய் வட்டி

...எண்ணூற்று நாற்பது ரூபாய்க்கா இத்தனை நடுக்கம், கதிர்வேல் தன்னையே கேட்டுக்கொண்டான். பக்கத்து நாற்காலியில் அம்மா கமலாட்சி. அவள் எதிரில் அந்தச் செய்தியைச் சத்தமாகப் படித்தது யார்? இவனேதான். கணக்கில் காட்டாத வட்டி ஒன்று இருக்கிறது என்று வருமான வரிக்காரர்கள் செல்லுக்கு அனுப்பியிருந்தார்கள், கேட்டதும் கமலாட்சி புடவையை மாற்றிக்கொண்டு கிளம்பிவிட்டாள். ஒரகடம் கம்பெனியில் நைட் ஷிப்ட் பார்த்தபோது சம்பளத்தில் அதிகமாகப் பிடித்த வரி, வேலையை விட்டு வெகுநாள் கழித்துத் திரும்பி வந்தது, பதினாலாயிரம், ஒரு வருஷத் தாமதத்துக்கு எண்ணூற்று நாற்பது வட்டி. வட்டியைத் தனியாக எடுத்து உண்டியலில் போட்டுவிட்டு வா என்று அப்போதே சொன்னாள் அம்மா. வட்டிக் காசு வீட்டில் தங்கக் கூடாது அவளுக்கு. பாஸ்புக்கில் ஏழு ரூபாய் ஏறினாலும் கோயிலுக்குத்தான். வட்டிக்காரன் அப்பாவின் தறியைக் கழற்றி வண்டியில் ஏற்றியதைப் பிள்ளையார்பாளையமே நின்று பார்த்தது, அவளை என்ன சொல்ல முடியும்...

"இந்த வட்டிய ஏன்பா காட்டல?" வரிக் கணக்கு போட்டுத் தரும் வேல்முருகன் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"சாமிக்குப் போட்டத எதுக்குப்பா காட்டணும்? அன்னிக்கே போட்டுட்டான் எம்புள்ள," அம்மா முந்திக்கொண்டாள்.

"சாமிக்கு பான் கார்டு இல்லியேமா, உன் புள்ளைக்குத்தான இருக்குது. திருத்திப் போட்டுடலாம். வரி ஒரு பைசா வராது. சும்மா பயந்துக்கினு..."

வரி வராதாம். அப்படியானால் பயம் போயிருக்க வேண்டுமே, ஏன் போகவில்லை? உண்டியல் முன்னால் நின்றது நிஜம், பின்னால் வந்தவர் இடித்ததும் நிஜம், கை மட்டும் சட்டைப்பையை விட்டு வரவில்லை. வேலை இல்லாதவனுக்கு எண்ணூற்று நாற்பது சின்னக் காசா? பெட்ரோல் முந்நூறு, மீதிக்கு பிரியாணி, யாரோ வாங்கித் தந்ததாகச் சொல்லி வீட்டுக்கும் கொண்டுபோனான், மகள் அபிநயா எலும்பை உறிஞ்சி உறிஞ்சித் தின்றாள்... ஆறு வயதுக் குழந்தைக்கு என்ன தெரியும்? இப்போது மூன்று வாரமாக அவளுக்குக் காய்ச்சல் விட்டு விட்டு வருகிறது, ரத்தத்தில் ஒன்றுமில்லை என்கிறார்கள். ஒன்றுமில்லை என்றால் எதனால் வருகிறது? சீ, அந்தக் காசைத் தின்றதால் என்பதெல்லாம் அம்மாவின் பைத்தியம், காய்ச்சலுக்குக் கொசு போதும். இப்போது சொல்லிவிட்டால் என்ன? அம்மா, அதை நான் போடவில்லை. நாலே வார்த்தை. சொன்னால் அவள் திட்ட மாட்டாள், நேராகப் பேத்தியின் காய்ச்சலைத்தான் நினைப்பாள், அதுதான்...

"செல்லுக்கு ஓ.டி.பி. நம்பர் வந்துருக்கும், சொல்லு."

எடுத்தான். நம்பருக்கு மேலே மனைவி கலைவாணியின் செய்தி, பாப்பாவுக்கு மறுபடி நூற்றிரண்டு, சீக்கிரம் வாங்க. நான்கு, ஒன்பது, ஒன்று... அரசாங்கம் ஒரு வருஷம் தாமதித்ததற்கு வட்டி போட்டுத் தந்தது. உண்டியலில் போடாமல் இவன் தாமதித்து இன்றோடு பத்து மாதம்.

"மீதி எங்கப்பா?" என்றார் வேல்முருகன்.