வாசலில் கிடந்த செருப்பு

ஞாயிறு மதியம், குஷாய்குடா காலனிப் பள்ளியின் கம்ப்யூட்டர் அறைப் பூட்டை உடைத்து எவனோ கம்ப்யூட்டரைத் தூக்கிப் போய்விட்டான். பின்மண்டையில் கம்பியடி வாங்கிய வாட்ச்மேன் மாசிலாமணி திருடனின் முகத்தைப் பார்க்கவில்லை. அவன் போட்ட கூப்பாட்டில் காலனியே திரண்டது.

கம்ப்யூட்டர் மாஸ்டர் ரங்கராஜன் வெறுங்காலும் வேர்வையுமாக ஓடி வந்தார். தூசி ஆகாதென்று அந்த அறைக்குள் யாரையும் செருப்போடு விடாதவர்.

"வாசல்ல கிடக்கிறது யாரோட செருப்பு?" என்றார் பிரின்சிபால் ருக்மிணி.

"திருடனோடதுதான் மேடம்! இந்த நாய்தான் அவனை உள்ள விட்டிருக்கான்!" என்று கத்தினார் ரங்கராஜன்.

மாஸ்டர் ஒரு செருப்பை எடுத்து மாசிலாமணியின் முகத்தில் மாறி மாறி அறைந்தார். உதடு கிழிந்தது. பல்லொன்று தெறித்து விழுந்தது.

"நக்கோ சார், வேணாம், நக்கோ!"

கை ஓய்ந்ததும் மாஸ்டர் செருப்பை அதன் ஜோடிக்குப் பக்கத்தில் போட்டார். மூச்சு வாங்கியபடி, தினமும் செய்கிற பழக்கத்தில், இரண்டு கால்களையும் நுழைத்துக்கொண்டு படியிறங்கினார்.

கூட்டம் அவர் காலையே பார்த்தது.

மாசிலாமணி ரத்தத்தைத் துப்பினான். "அளவு சரியா இருக்கா சார்?"

மாஸ்டர் குனிந்து தன் காலைப் பார்த்தார். அவர் நிமிர்வதற்குள் மாசிலாமணியின் பூட்ஸ் விலாவில் இறங்கியது.