பன்னிரண்டு அடி மாரிக்கனி

1

இந்தக் கதை ஒரு நோட்டீஸாகத்தான் தொடங்கியது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

ராஜபாளையத்தில் எங்கள் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம் நடந்தது. முடிந்ததும் தலைமையாசிரியை என்னைக் கூப்பிட்டார். "சார், நீங்க கதையெல்லாம் எழுதுறவுக. பிள்ளைய இன்ஸ்டாவுல பத்திரமா இருக்க பெத்தவுக என்ன செய்யணும்னு ஒரு பக்கம் எழுதிக் குடுங்க. பத்துப் பாயிண்டு போதும்" என்றார். முப்பது வருஷம் தபாலாபீசில் மற்றவர்கள் எழுதியதையே தரம் பிரித்துக்கொண்டிருந்தவன் நான். என்னை யாராவது எழுதச் சொன்னால் மறுக்கத் தெரியாது. வீட்டுக்கு வந்து தாளை எடுத்தேன்.

ஒன்று: பதிமூன்று வயதாகும்வரை கணக்குத் தொடங்க விடாதீர்கள்.

இரண்டு: கணக்கைப் பூட்டி வைக்கச் சொல்லுங்கள். தெரிந்தவர்கள் மட்டும் பார்க்கட்டும்.

மூன்று: உங்கள் பிள்ளையின் படத்தை யாரும்

அதோடு பேனா நின்றுவிட்டது. அந்த 'யாரும்' என்பதில் யார் யாரெல்லாம் அடக்கம் என்று யோசித்தேன். தன் மகளுக்கு நடந்ததை என்னிடம் சொல்லியிருந்த நாகஜோதி ஞாபகத்துக்கு வந்துவிட்டாள். அதற்குப் பிறகு நோட்டீஸ் எங்கே உருப்படும்?

2

முதலில் எழுதிய தொடக்கம் இது:

[ராஜபாளையத்தில் ________ தெருவில், ________ கோயிலுக்கு எதிர்வீட்டில், ________ பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு ________ பிரிவில் படிக்கிற, ________ மேல் ஒரு தழும்புள்ள மாரிக்கனிக்கு நாய் வரையப் பிடிக்கும்.]

கோடிட்ட இடங்கள் முதலில் இல்லை. தபால்காரப் புத்தி, முழு விலாசம் இல்லாத எதையும் பார்த்தால் எனக்குக் கை அரிக்கும், எல்லாவற்றையும் எழுதிவைத்திருந்தேன். அவை எப்படிக் கோடுகள் ஆயின என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

மாரிக்கனி என்பது நான் வைத்த பெயர். அவள் அம்மா நாகஜோதி பேண்டேஜ் துணிக் கம்பெனியில் துணி மடிக்கிறாள். அப்பா வேல்பாண்டி ராணுவத்தில் இருக்கிறார், வடக்கே, பனி பெய்கிற இடத்தில். இவையும் நான் வைத்த பெயர்கள்தான். "எழுதுங்க அண்ணாச்சி, பேர மட்டும் மாத்திருங்க" என்று நாகஜோதி சொல்லியிருந்தாள். மாற்றிவிட்டேன். பெயரை மாற்றினால் போதும் என்று அப்போது நினைத்திருந்தேன்.

3

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், ஷிப்டு முடிந்து நாகஜோதி சாப்பாட்டு வாளியைக் கழுவிக்கொண்டிருந்தாள். கூட வேலை பார்க்கிற சீனியம்மாள் போனை நீட்டினாள்.

"ஏட்டி நாகஜோதி, இது உன் மவதான?"

மகள்தான். தாவணி, தலை நிறையப் பூ, கன்னத்தில் கை. ஏழு மாதத்துக்கு முன்னால் சடங்கு வைத்தபோது எடுத்த படம். பக்கத்தில் 'குட்டிம்மா மாரிக்கனி' என்ற பெயர், கீழே பள்ளிக்கூடத்தின் பெயர்.

"என் மவளுக்கு இதுல இருந்து மெசேஜ் வந்திருக்கு. 'நான் என் படம் அனுப்புதேன், நீயும் உன் படம் அனுப்பு, யாருக்கும் காட்ட மாட்டேன்'னு. எங்கிட்ட காட்டப்போயி தப்பிச்சுச்சு. உன் மவ இப்பிடிக் கேக்குற பிள்ள இல்லயேன்னுதான் உங்கிட்ட கொண்டாந்தேன்."

நாகஜோதி கழுவின வாளியைக்கூட எடுக்கவில்லை. பஸ்ஸுக்கு நிற்காமல் நடந்தே வீட்டுக்குப் போனாள். அந்த வழியெல்லாம் அவள் என்ன நினைத்திருப்பாள் என்று ஒரு பக்கம் எழுதி, கிழித்துப் போட்டேன். அவளிடமே கேட்டேன். "நாளைக்கு அவளை ஸ்ரீவில்லிபுத்தூருக்கு அனுப்பக் கூடாதுன்னு மட்டுந்தான் நினைச்சேன் அண்ணாச்சி" என்றாள்.

மாரிக்கனி சனிக்கிழமைதோறும் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பஸ் ஏறி ஓவிய வகுப்புக்குப் போகிறவள். வாரம் முழுக்க அவள் காத்திருப்பது அந்த ஒரு நாளுக்குத்தான்.

4

முதல் பிரதியில், வீட்டுக்குள் நுழைந்ததும் நாகஜோதி மகளை அறைந்தாள். கதைக்கு அது வசதியாக இருந்தது. படித்துக் காட்டியபோது அவள் முகம் சுருங்கிப்போனது.

"அடிக்கல அண்ணாச்சி. கை ஓங்குனேன். ஓங்குனது நிசந்தான்."

ஆகவே, கை ஓங்கினாள். மாரிக்கனி நகரவில்லை. தன் போனை எடுத்து, பூட்டைத் திறந்து, அம்மாவின் கையில் கொடுத்தாள்.

"பாருங்கம்மா. என் கணக்கு இதான்."

நாற்பத்து மூன்று படங்கள். நாற்பத்து மூன்றும் நாய்கள். பென்சிலில் வரைந்த வெள்ளை ராஜபாளையம் நாய், டீக்கடை வாசலில் சுருண்டு கிடக்கிற செவலை, மூன்று காலில் நிற்கிற கிழட்டு நாய். ஒரு மனித முகம்கூட இல்லை. பார்க்க அனுமதி பெற்றவர்கள் முப்பத்தொரு பேர், எல்லாம் வகுப்புப் பிள்ளைகள். பெற்றவர்களுக்கு நான் எழுதத் தொடங்கிய இரண்டாவது பாயிண்டை அந்தப் பிள்ளை எப்போதோ செய்துவைத்திருக்கிறது.

"அப்ப அந்தப் படம் எங்க இருந்து போச்சு?"

"பிளக்ஸுல இருந்து. சடங்குக்கு நம்ம வச்ச பிளக்ஸு. அப்பா அதப் போட்டோ எடுத்துத் தன் கணக்குல போட்டாங்கள்ல? அத யாரு வேணாலும் பாக்கலாம்மா. குட்டிம்மாங்கிற பேரு, பள்ளிக்கூடம், தெரு, வீட்டு நம்பர், அப்பா போன் நம்பர், அம்புட்டும் அதுல இருக்கு."

"உனக்கு எப்பத் தெரியும்?"

"திங்கக்கிழமையே தெரியும். அதுல இருந்து மெசேஜ் வந்த ரெண்டு பிள்ளைய எங்கூடப் பேசுறதில்ல."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

மாரிக்கனி தரையைப் பார்த்தாள். "சொன்னா டிராயிங் கிளாஸ நிறுத்திருவிய."

நாகஜோதி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். மகள் சொன்னது தப்பில்லை. வழியெல்லாம் அவள் போட்டுக்கொண்டு வந்த கணக்கே அதுதான்.

5

இங்கே கதை கொஞ்சம் பின்னால் போகிறது. போகாமல் முடியாது. எனக்கும் போக ஆசையாக இருக்கிறது.

ஆடிப்பூரத் தேரோட்டத்தன்று ஸ்ரீவில்லிபுத்தூரில் ஸ்டூடியோக்கள் எப்படியிருக்கும் என்று உங்களில் சிலருக்கு ஞாபகம் இருக்கலாம். வாசலில் வரிசை நிற்கும். உள்ளே ரசம் போன கண்ணாடி, பல்லுடைந்த சீப்பு, பொது உபயோகத்துக்குப் பவுடர் டப்பா. பின்னால் திரையில் தாஜ்மகால். வெளியே வந்தால் தெருவெல்லாம் பால்கோவா கிண்டுகிற வாசனை. படம் கைக்கு வர ஒரு வாரம் ஆகும். அந்த ஒரு வாரமும் நம் முகம் எப்படியிருக்குமென்று நமக்கே தெரியாது. அந்த ஒரு வாரம் எவ்வளவு இனிப்பானது என்று இன்றைய பிள்ளைகளுக்கு என்னால் விளக்க முடியவில்லை.

(நான் இங்கேயே தங்கிவிடப் பார்க்கிறேன். நாகஜோதி காத்திருக்கிறாள்.)

தொண்ணூற்றொன்பதாம் வருஷம் மம்சாபுரத்திலிருந்து தேர் பார்க்க வந்த நாகஜோதிக்குப் பதினைந்து வயது. பால்ச்சாமி என்பவரின் ஸ்டூடியோவில் ஒரு படம் எடுத்துக்கொண்டாள். படம் நன்றாக வந்துவிட்டது. அவர் யாரையும் கேட்கவில்லை; பெரிதாக்கி வாசல் கண்ணாடி அலமாரியில் வைத்துவிட்டார். அப்போது அவள் ஸ்ரீவில்லிபுத்தூரில் டைப்ரைட்டிங் படித்துக்கொண்டிருந்தாள். வகுப்பு முடிந்ததும் சுற்றுவழியாக அந்தத் தெருவுக்குப் போய், செருப்பு வாரைச் சரிசெய்கிற சாக்கில் தன்னையே பார்த்துவிட்டு வருவாள். "எம்புட்டு சந்தோசமா இருந்துச்சு தெரியுமா அண்ணாச்சி. சினிமாக்காரி மாதிரி" என்றாள். சொல்லும்போது நாற்பத்தொரு வயது முகம் சிவந்தது.

பிறகு ஒருவன் தினமும் அந்தக் கண்ணாடிக்கு முன்னால் நிற்பதாகப் பேச்சு வந்தது. அவள் அப்பா கருத்தையா பஸ் ஏறிப் போனார். சத்தம் போடவில்லை. பெரிய படத்தையும் நெகட்டிவையும் கேட்டு வாங்கினார். வந்து அவள் கையில் கொடுத்து, "உன் படம், நீயே வச்சுக்கோ" என்றார்.

நான் கதையை அங்கேயே முடித்திருப்பேன். ஒரு சின்னக் கறுப்புத் துண்டு கைக்கு வந்ததும் எல்லாம் பத்திரமாகிவிட்ட காலம் அது. அந்தக் காலத்தை நினைத்தால் ஏக்கமாகத்தான் இருக்கிறது.

ஆனால் கருத்தையா இன்னொன்றும் சொன்னார். "நாளையிலருந்து டைப்புக்குப் போவேண்டாம்." பரீட்சைக்கு மூன்று வாரம் இருந்தது. அவள் எழுதவில்லை. நெகட்டிவ் இன்றும் அவள் பீரோவில் இருக்கிறது.

6

வேல்பாண்டியை வில்லனாக்கி இரண்டு பக்கம் எழுதினேன். "அவியளத் திட்டி எழுதிராதிய. வருசத்துல முப்பது நாளுதான் பிள்ளையப் பாக்காங்க" என்றாள் நாகஜோதி. யோசித்தால் அது சரிதான். பனிக்குள் நிற்கிறவர் மகள் படத்தை ஊருக்கெல்லாம் காட்டுவது ஏன் என்று புரிந்துகொள்ளப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. அந்தப் பக்கங்களையும் கிழித்தேன்.

மறுநாள் காலையில் அவர் வீடியோவில் வந்தார். விஷயத்தைக் கேட்டதும், "போன வாங்கி உள்ள வை. கிளாஸும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்" என்றார்.

"அவ ஒண்ணும் பண்ணல. படத்தப் போட்டது நீங்க. பிளக்ஸுக்கு நம்பர் குடுத்தது நான்."

"நான் பெத்த பிள்ள படத்த நான் போடக் கூடாதா?"

"போடலாம். அவகிட்ட கேட்டியளா?"

நெட்வொர்க் போய்விட்டதோ என்று நாகஜோதி திரையைத் தட்டினாள். போகவில்லை. அவர் அங்கேயேதான் இருந்தார்.

"எப்பிடி எடுக்கணும்னு அவளையே சொல்லச் சொல்லு" என்றார் கடைசியில்.

மாரிக்கனி சொல்லிக்கொடுக்க, அப்பா ஒவ்வொரு படமாக நீக்கினார். போலிக் கணக்கையும் அதிலிருந்து வந்த செய்திகளையும் முதலில் படமெடுத்து வைத்துக்கொண்டார்கள். பிறகு, இன்னொருத்தர் பெயரில் நடிக்கிற கணக்கு என்று புகார் கொடுத்தார்கள். தலைமையாசிரியைக்குச் சொன்னார்கள். சைபர் குற்றங்களுக்கான 1930க்கும் போன் போட்டார்கள்.

(நோட்டீஸுக்கு: பிள்ளைகளே நேரடியாகப் பேச 1098 இருக்கிறது. இதைவிட முக்கியமானது, பிள்ளை முதலில் உங்களிடம் சொல்லும்படி வீடு இருக்க வேண்டும். இதை எப்படி ஒரு பாயிண்டாக எழுதுவதென்று தெரியவில்லை.)

7

பிளக்ஸ் மிச்சமிருந்தது.

உங்கள் ஊரிலும் இதே கதைதான்: விசேஷம் முடிந்த பிளக்ஸை யாரும் எறிவதில்லை. மழைக்கு ஆகும், வெயிலுக்கு ஆகும். பன்னிரண்டு அடி மாரிக்கனி, பஸ் ஸ்டாப்புக்கு எதிரே தவசிமுத்துவின் டீக்கடைக்குப் பக்கவாட்டுத் தட்டியாக ஏழு மாதம் நின்றிருக்கிறாள். அதே கடையில் தினமும் டீ குடிக்கிற நானும் அதைப் பார்த்திருக்கிறேன். ஒன்றும் தோன்றவில்லை.

"தட்டிக்கு வேற தாரேன், இத அவுத்துக் குடுங்க" என்றாள் நாகஜோதி.

"வெயிலுல வெளுத்துப்போச்சேம்மா, இத வச்சு என்ன பண்ணப்போற?"

"நம்பரு வெளுக்கலயே."

தவசிமுத்து ஸ்டூல் போட்டு ஏறி அவிழ்த்தார்.

அவள் அதைச் சுருட்டித் தோளில் வைத்துக்கொண்டு போவதை, டீ கிளாசும் கையுமாக நான் பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னால் இந்தக் காட்சியை எழுதும்போதுதான் என் முதல் வரி ஞாபகம் வந்தது. தெரு, கோயில், பள்ளிக்கூடம், பிரிவு, தழும்பு. நானும் ஒரு பிளக்ஸ்தான் வைத்திருக்கிறேன். சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

வீட்டில் நாகஜோதி சுருளை மகள் முன்னால் வைத்தாள். "உன் படம், நீயே வச்சுக்கோ."

"பன்னெண்டு அடிம்மா. எங்க வைக்க?"

அந்த வாரத்தில் முதல்முறையாக இரண்டு பேரும் சிரித்தார்கள். பொறுங்கள், கருத்தையா அன்றைக்குச் சொன்ன இரண்டாவது வாக்கியம் இன்னும் பாக்கியிருக்கிறது. தாத்தா கதை தெரியாத மாரிக்கனியும், கிளாஸ் என்ன ஆகுமோ என்று அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கிளம்பு. பத்தரை பஸ்ஸு போயிரும்" என்றாள் நாகஜோதி.

8

இருவரும் சேர்ந்தே ஸ்ரீவில்லிபுத்தூர் போனார்கள். பால்ச்சாமி ஸ்டூடியோ இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. நாகஜோதி அதன் கண்ணாடிக்கு முன்னால் நின்று, அதுவரை யாரிடமும் சொல்லாத கதையை மகளிடம் சொன்னாள். டைப்ரைட்டிங் வரைக்கும்.

மாரிக்கனி கேட்டது ஒன்றுதான். "அந்தப் படத்துல நீங்க நல்லா இருந்தியளாம்மா?"

"இருந்தேன்" என்றாள் நாகஜோதி.

9

முடிவுக்கு இரண்டு பிரதி வைத்திருந்தேன்.

[முதல் முடிவு: திங்கட்கிழமை அந்தப் போலிக் கணக்கு காணாமல் போனது. பேசாமலிருந்த பிள்ளைகள் வந்து]

[இரண்டாம் முடிவு: அது போனது, இன்னொன்று வந்தது. இந்தமுறை மாரிக்கனி அதே நாளில்]

எழுதிய எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு மாரிக்கனியிடம் போனேன். அம்மாவிடம் அனுமதி வாங்கினேனே தவிர, அவளிடம் கேட்டிருக்கவில்லை. "படிச்சுட்டு, வேண்டாம்னு தோணுறத அடிச்சிரு" என்று சிவப்புப் பேனாவும் கொடுத்தேன். இரண்டாவது பகுதியில் நீங்கள் பார்த்த கோடுகள் அவள் போட்டவை. முடிவுகள் இரண்டையும் பாதியில் வெட்டியதும் அவள்தான்.

மூன்றாவதாக ஒரு பத்தி இருந்தது. அந்தப் பன்னிரண்டடி பிளக்ஸை அவள் கடைசியில் என்ன செய்தாள் என்பது. இந்தக் கதையிலேயே நான் நன்றாக எழுதிய பத்தி அதுதான். தற்பெருமையாக இருந்தாலும் சொல்கிறேன். அதைப் படித்தபோது அவளுக்குக் கண் கலங்கியது. பிறகு பேனாவை மூடினாள்.

"இது நல்லா இருக்கு மாமா. ஆனா வேண்டாம்."

"ஏம்மா?"

"இது என்னோடது."

அந்தத் தாளைத் தனியாக எடுத்து அவள் கையில் கொடுத்தேன். நான் கையால் எழுதுகிறவன். வேறு நகல் கிடையாது.

[                                        ]

முடிவு அவளிடம் இருக்கிறது. தெரிந்தே ஆகவேண்டுமென்றால் நீங்கள் அவளிடம்தான் கேட்க வேண்டும். என்னிடம் விலாசம் கேட்காதீர்கள்.