ஆள் இடம்

மூன்றாம் நம்பர் லாரி கோடவுன் வாசலுக்குப் பின்பக்கம் காட்டி நின்றது. லோடு அக்கா ஒரு சோப்புப் பெட்டியை இடுப்பில் முட்டுக் கொடுத்துத் தூக்கி உள்ளே தள்ளிவிட்டு, தூணில் மாட்டியிருந்த திரையைத் திரும்பிப் பார்த்தாள். திரையில் லாரியின் வயிறு தெரிந்தது, அதற்குள் கலர் கலராய்ப் பெட்டிகள். அடுத்த பெட்டிக்கான இடம் விட்டு விட்டு மின்னும். அங்கே வைத்துப் பொத்தானை அமுக்கினால் பச்சை. இடம் மாற்றி வைத்தால் மேற்கொண்டு எதையும் காட்டாமல் அடம்பிடிக்கும்.

எதை எங்கே வைப்பது என்று சொல்கிற அந்தக் கம்ப்யூட்டருக்கு அங்கே மாப்பிள்ளை என்று பேர் வைத்திருந்தார்கள். ஏசி ரூமில் உட்கார்ந்தபடி, ஒரு துரும்பைக்கூடக் கிள்ளிப் போடாமல், வாயில் வந்தது நடக்கவேண்டும் என்கிறவர் வேறு யார்?

"மாப்பிள்ளைக்கு இன்னிக்கு என்ன கோபமோ, பிஸ்கட்டைக் கூரையில ஒட்டச் சொல்றாரு" என்றாள்.

லாரியில் சாய்ந்து நின்ற அவள் புருஷன் சிரித்தான். அந்த லாரியோடு கடை கடையாய்ப் போய்ச் சரக்கு இறக்குவது அவன் வேலை. காலையில் அவள் ஏற்றுவாள், பகலெல்லாம் அவன் இறக்குவான். "உங்க குடித்தனமே என் வண்டியிலதான் ஓடுது" என்று டிரைவர் கிண்டல் செய்வார்.

மாப்பிள்ளையைச் சும்மா திட்டவும் கூடாது, நியாயம் என்று ஒன்று இருக்கிறது. முன்பெல்லாம் முதல் கடைச் சரக்கு அடியில் மாட்டிக்கொள்ளும். அவன் பாதி லாரியை நடுரோட்டில் இறக்கி, தேடி எடுத்து, திரும்ப ஏற்றவேண்டும். இப்போது அந்த அவஸ்தை இல்லை. முதலில் இறங்கவேண்டியது வாசலோரம் வந்துவிடுகிறது. நாலு லாரிச் சரக்கும் மூன்று லாரியில் அடங்கிவிட்டது. நாலாவது லாரியின் டிரைவர் இப்போது வேறு வேலை தேடுகிறார், அது தனிக்கதை.

தகராறெல்லாம் ஆள் இடத்தில்தான். கதவுக்கு உள்பக்கம் ஓர் ஆள் நிற்கிற அளவுக்கு இடம் விட்டுத்தான் அவள் எப்போதும் லோடு முடிப்பாள். இறக்குகிறவன் கதவைத் திறந்து ஏறி, அங்கே கால் ஊன்றி நின்று, மேல் வரிசையிலிருந்து ஒவ்வொன்றாய் எடுப்பான். அந்த இடம் இல்லையென்றால், தரையில் நின்றபடி தலைக்கு மேலே இருப்பதை அண்ணாந்து இழுக்கவேண்டும். மாப்பிள்ளை கண்ணுக்கு அது காலி இடம். காலி இடத்தைக் கண்டால் அவருக்கு ஆகாது.

ஆபீசில் மாப்பிள்ளைக்குச் சரக்கு விவரம் கொடுத்துத் திட்டம் போடுகிற பெண் நல்லவள். அக்கா என்று கூப்பிட்டு வந்து பேசுவாள். விஷயத்தைச் சொன்னபோது, அன்றைக்கே லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு லாரிக்குப் பக்கத்தில் வந்துவிட்டாள்.

"சும்மா இடம் விடுன்னா கேக்காதுக்கா. ஏதாவது சரக்கு இருக்கிற மாதிரி காட்டணும். பேரு என்ன போடட்டும்?"

"ஆள்னு போடு" என்றாள் அக்கா.

அந்தப் பெண் அக்காவின் புருஷனை நிற்கவைத்து, கையை அகட்டச் சொல்லி, டேப்பால் அளந்தாள்.

"தையக்கடையிலகூட என்னை இப்படி அளந்ததில்ல" என்றான் அவன்.

"எடை எவ்வளவுன்னு கேக்குது, அண்ணே."

"சாப்பாட்டுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

பெண் சிரித்துக்கொண்டே தட்டினாள். "மேல பெட்டி அடுக்கலாமான்னு கேக்குது. கூடாது. அடுத்தது… உடையுமான்னு கேக்குது."

"உடையும்னு போடு கண்ணு" என்றாள் லோடு அக்கா.

அதன் பிறகு திரையில் கதவோரம் சாம்பல் நிறத்தில் ஒரு நெட்டைப் பெட்டி வந்தது. மாப்பிள்ளை அதைத் தொடவில்லை. அவளுக்கு அப்பாடா என்றிருந்தது.

அந்தச் சந்தோஷம் அடுத்த வாரம் வரைகூடத் தாங்கவில்லை. சூப்பர்வைசர் போனை நீட்டிப் பிடித்துக்கொண்டு வந்தார்.

"ஆள்னு ஒரு சரக்கு தினம் போகுதாம். எந்தக் கடையும் எடுக்கலையாம், தினம் திரும்பி வருதாம். எவன் ஆர்டர் குடுத்தான்னு மேல கேக்கறாங்க. லிஸ்ட்லருந்தே எடுத்துட்டாங்க."

திட்டம் போடுகிற பெண் ஆபீஸ் கண்ணாடிக்குப் பின்னால் தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். மூக்கு சிவந்திருந்தது. அவளையும் நன்றாகத் திட்டியிருப்பார்கள்.

மறுநாள் சாம்பல் பெட்டி இல்லை. அந்த இடத்தில் கீழிருந்து மேல்வரை சதுரங்கள் மின்னின. லோடு அக்கா வேண்டுமென்றே நிறுத்தினாள். எண்ணெய் டின் பெட்டிகள் தரையில் மிச்சம் கிடந்தன.

"இதெல்லாம் ஏன் கீழ கிடக்கு?" என்றார் சூப்பர்வைசர்.

"அவரு நிக்க இடம் வேணாமா சார்?"

"நாலாவது வண்டி இருந்தா அதுல போடுன்னு சொல்லுவேன். இல்லையேம்மா. மிச்சம் வெச்சா யாரு வெச்சதுன்னு பேரோட மேல போயிடும். பக்கத்து கோடவுன்ல அப்படித்தான் ரெண்டு பேரை நிறுத்தினாங்க. என்னால ஒண்ணும் சொல்ல முடியாது."

அவர் மிரட்டவில்லை, கெஞ்சுகிற மாதிரிதான் சொன்னார். அவள் புருஷனைப் பார்த்தாள்.

"ஏத்து, பாத்துக்கலாம். உனக்கு வேலை போச்சுன்னா என்ன பண்றது?" என்றான் அவன்.

"பாத்து இழுங்க. ஒவ்வொண்ணா இழுங்க."

"நான் என்ன சின்னப் புள்ளையா?"

அவள் ஏற்றினாள். கடைசிப் பெட்டியை ஏணி போட்டுச் செருகினாள். கையில் அகப்பட்ட கயிற்றை மேல் வரிசைக்குக் குறுக்கே இரண்டு சுற்றுச் சுற்றிக் கட்டினாள். கீழே இறங்கியதும் அதை அவன் தரையில் நின்றுதானே அவிழ்க்கவேண்டும் என்று தோன்றியது. அதற்குள் டிரைவர் கதவை அழுத்திச் சாத்திவிட்டார். திரை முழுக்கப் பச்சை.

மத்தியானம் அவள் இரண்டாம் நம்பருக்கு ஏற்றிக்கொண்டிருந்தபோது, திட்டம் போடுகிற பெண் செருப்புகூடப் போடாமல் ஓடி வந்தாள்.

"அக்கா, டிரைவர் அண்ணன் போன் பண்ணார். முதல் கடையிலயே டின் பெட்டி விழுந்துடுச்சாம். கால்ல."

"ஐயையோ! ஆஸ்பத்திரிக்குப் போனாங்களா?"

"மருந்துக் கடையில கட்டுப் போட்டிருக்காங்களாம். வழியில நின்னா ஏன் நின்னேன்னு உடனே போன் வருதாம். டிரைவர் அண்ணனே எல்லாக் கடையிலயும் இறக்கிட்டு, இப்பத்தான் வர்றாராம்."

"அப்போ இவ்வளவு நேரம் அவரு?"

இரண்டு பேரும் திரையைப் பார்த்தார்கள். அதன் மூலையில் இருந்த ரோட்டு மேப்பில் மூன்றாம் நம்பர் லாரி கோடவுன் பக்கம் ஊர்ந்து வந்துகொண்டிருந்தது. பக்கத்தில் காலி என்று போட்டிருந்தது.

லாரி வந்து பின்பக்கம் காட்டி நின்றது. டிரைவர் இறங்கிக் கதவைத் திறந்தார். அவர் முகத்தில் ஈயாடவில்லை. "முன் சீட்டுல காலை மடக்க முடியலம்மா. அதான் பின்னாடியே படுக்க வெச்சேன்."

உள்ளே கோடிமூலையில், மடித்துப் போட்ட அட்டைப்பெட்டி மேல் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு அவன் படுத்திருந்தான். கட்டு நனைந்து சிவந்திருந்தது. உதடு வெளுத்துப் போயிருந்தது. அவளைப் பார்த்துச் சிரிக்கப் பார்த்தான்.

"இப்போ நல்லா தாராளமா இடம் இருக்கு" என்றான்.

அவள் ஏறினாள். கதவோரம் கால் ஊன்ற இடம் இருந்தது, லாரி முழுக்கவே இடம் இருந்தது. அவன் தலைமாட்டில் மண்டியிட்டு, இரண்டு கையையும் அவன் அக்குளுக்கு அடியில் கொடுத்தாள். அவள் முதுகுக்குப் பின்னால் தூணில் மணி அடித்தது. திரும்பிப் பார்த்தாள். மறு லோடு வந்துவிட்டிருந்தது. லாரியின் வெறும் வயிற்றுக்குள் ஒரே ஒரு சதுரம் மின்னியது, முதல் பெட்டிக்கான இடம். கோடிமூலையில், அவன் படுத்திருந்த இடத்தில்.